ரெண்டடி மரத்துக்கு எந்த மேசை? போன்சாய் கலையா, கைத்தொழிலா?

காசிமேட்டு இச்சி

எல்லோருக்கும் வணக்கம். போன வாரம் நடந்த ஒன்று மனதை விட்டுப் போகவே இல்லை, அதனால்தான் இந்த இழை.

எங்கள் பக்கம் ஒரு மண்டபத்தில் செடி, பூ கண்காட்சி வைத்தார்கள். நான் தட்டில் குட்டையாக வளர்க்கிற இச்சி மரத்தை, அதாவது என் போன்சாயை, வைக்கக் கேட்டார்கள். நானும் ஆட்டோவில் ரெண்டு காலுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால் மரம் 'கைவினைப் பொருட்கள்' மேசையில் இருக்கிறது. ஒரு பக்கம் பனையோலைக் கூடை, இன்னொரு பக்கம் சுடுமண் விளக்கு, பின்னால் பெரிய பெரிய ரோஜா போட்ட திரைச்சீலை. சரி, வேறு இடம் இல்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். கிட்டே போனதும்தான் தெரிந்தது, மரம் திரும்பி நிற்கிறது. முகம் திரைச்சீலையைப் பார்க்க, முதுகு சனங்களைப் பார்க்க.

போன்சாய் வளர்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு முன்பக்கம் உண்டு. அடிவேர் பரவி மண்ணுக்குள் இறங்குவது எங்கிருந்து பார்த்தால் நன்றாகத் தெரிகிறது, தண்டின் வளைவு எங்கே தெளிவாக இருக்கிறது, உச்சி எந்தப் பக்கம் நின்றால் பார்க்கிறவரை நோக்கி லேசாகக் குனிகிறது, இதையெல்லாம் பார்த்துப் பார்த்து என் மரத்துக்கு முன்பக்கம் எது என்று முடிவு செய்ய எனக்கு நாலு வருஷம் ஆயிற்று.

இந்த மரம் ராயபுரத்தில் எங்கள் பாட்டி வீட்டுச் சுவரில் முளைத்தது. பழைய சுண்ணாம்புக் காரைச் சுவர், காக்கா போட்ட விதை. 2006 இல் வீட்டை இடித்தபோது, அந்த ஒரு முழச் சுவரை மட்டும் கடைசியாக இடியுங்கள் என்று கொத்தனாரிடம் கெஞ்சி, ரெண்டு நாள் உட்கார்ந்து உளியால் காரையைச் சுரண்டி எடுத்தேன். ரெண்டு செங்கல்லுக்கு நடுவே நசுங்கி வளர்ந்த வேர் இன்றைக்கும் நாடா மாதிரி தட்டையாகத்தான் இருக்கிறது. அதைக் காட்டத்தான் அந்த மரமே. திருப்பி வைத்தால் அது தெரியாது.

கேட்டதற்கு அங்கே பொறுப்பில் இருந்தவர், "இதுவும் கையால் செய்கிறதுதானே சார், எந்தப் பக்கம் வைத்தால் என்ன" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அது எனக்கே தெரியும். கூடை பின்னுகிறவரைவிட நான் மேல் என்று சொல்லவும் வரவில்லை, தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் போன்சாயும் அதை வைத்துக் காட்டுகிற முறையும் கலைதான் என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது. ஏன் என்று முழுசாகச் சொல்லத்தான் வரவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

பெரம்பூர் இழைப்புளி

தம்பி, நான் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் 33 வருஷம் தச்சு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மாடியில் ஏழெட்டு மரம் நானும் வைத்திருக்கிறேன். கைத்தொழில் என்ற சொல்லில் உனக்கு என்ன குறை தெரிந்தது?

முதல் கிளை மொத்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்கில் வர வேண்டும். அடுத்தது எதிர்ப்பக்கம், மூன்றாவது பின்னால். அடித்தண்டின் கனத்துக்கு ஆறு மடங்கு உயரம். கம்பியை 45 டிகிரி சாய்வில் சுற்ற வேண்டும், கிளையின் கனத்தில் மூன்றில் ஒரு பங்காவது கம்பி இருக்க வேண்டும். இதெல்லாம் அளவு. அளவு இருந்தால் தொழில், அவ்வளவுதான் என் கணக்கு.

பலகையில் இழைப்புளியை எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்பதை மரத்தின் ரேகைதான் சொல்லும். எதிர் ரேகையில் தள்ளினால் சிராய் கிளம்பும். அதைக் கை தானாகத் தெரிந்துகொள்ள எனக்குப் பத்து வருஷம் ஆயிற்று. அதை யாரும் கலை என்று சொன்னதில்லை, நானும் எதிர்பார்த்ததில்லை. நல்ல தொழில்காரன் என்றார்கள், எனக்கு அது பெரிய பேர்.

மரத்தைத் திருப்பி வைத்தது தப்புதான். ஆனால் அது தொழில் தெரியாத தப்பு. கதவின் உள்பக்கத்தை வெளிப்பக்கமாக மாட்டுகிற மாதிரி.

வியாசை புளியங்கன்று

கலையோ தொழிலோ, ஓங்கி வளர வேண்டிய மரத்துக்குக் கம்பி கட்டி, வேரை வெட்டி, தட்டில் நிறுத்துவதைப் பார்த்தாலே எனக்கு நெஞ்சு அடைக்கிறது. 2016 டிசம்பரில் வர்தா புயலில் எங்கள் தெரு தூங்குமூஞ்சி மரம் விழுந்தது. அன்றைக்குப் போன நிழல் இன்னும் வரவில்லை. பெரிய மரம் நடுங்கள் அண்ணா.

காசிமேட்டு இச்சி

அக்கா, பெரிய மரம் நட வேண்டும் என்பதில் உங்களோடுதான் இருக்கிறேன். இந்தக் கன்று சுவரோடு போயிருக்க வேண்டியது, அதை மட்டும் நினைத்துப் பாருங்கள். பட்டினி போட்டுத்தான் குட்டையாக்குகிறோம் என்று நினைக்காதீர்கள், அப்படிப் போட்டால் போன்சாய் ஒரு கோடைகூடத் தாங்காது. கத்திரி வெயிலில் ரெண்டு வேளை தண்ணீர், செங்கல் ஜல்லியும் மணலும் மக்கிய எருவும் சேர்ந்த மண், உச்சி வெயிலுக்குப் பச்சை வலை. வேரை வெட்டுவது புது வேர் விடுவதற்காக. வருஷா வருஷம் புதுத் துளிர் விடுகிறது, அதைவிட வேறு சாட்சி என்னிடம் இல்லை.

இழைப்புளி ஐயா, உங்கள் பதிலை ராத்திரி மூன்று முறை படித்தேன். வேலை முடிந்து வந்து எழுதுகிறேன்.

மண்ணடி வாசகன்

இந்தச் சண்டை போன்சாய்க்கு முன்னாலேயே நம் சென்னையில் நடந்திருக்கிறது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கிற கவின்கலைக் கல்லூரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1850 இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற டாக்டர் தொடங்கியது. ரொம்ப நாள் அதன் பெயரே கலை, கைத்தொழில் பள்ளி. ஒரே வளாகத்தில் ஒருவர் ஓவியம் வரைவார், இன்னொருவர் மண்பாண்டம் சுடுவார், உலோகம் அடிப்பார். அங்கே முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966 இல் சோழமண்டலம் கிராமத்தை அமைத்தபோது, ஓவியம் விற்காத காலத்தில் மெழுகு வைத்துச் சாயம் போடுகிற பாத்திக் துணி, கைவினைப் பொருள் செய்து விற்றுத்தான் அடுப்பு எரிந்தது. அதே கை காலையில் பாத்திக் போட்டது, மத்தியானம் கான்வாஸ் தீட்டியது. எந்த மணியிலிருந்து அவர் கலைஞர் ஆனார் என்று யார் சொல்ல முடியும்?

எழும்பூர் மியூசியத்தில் திருவாலங்காட்டு நடராஜர் இருக்கிறார். மெழுகில் உரு செய்து, வண்டல் மண் பூசி, மெழுகை உருக்கி வடித்து, உலோகத்தை ஊற்றியது. சோழர் காலத்தது என்பதால் உலகம் முழுக்க அதைக் கலை என்கிறார்கள். சுவாமிமலையில் இன்றைக்கு ஒரு ஸ்தபதி அதே முறையில் வார்த்தால் அது கைவினைப் பொருள் கடைக்குப் போகிறது. மெழுகும் அதே மெழுகு, மண்ணும் அதே மண்.

போன்சாயின் சொந்த ஊரிலும் இதே கதைதான். நுண்கலை என்பதற்கு ஜப்பானியர் இன்று சொல்கிற 'பிஜுட்சு' என்ற சொல்லே 1873 வியன்னா உலகப் பொருட்காட்சிக்காக மொழிபெயர்க்கும்போது உருவானது. அதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பிருந்தே அங்கே தட்டில் மரம் வளர்த்திருக்கிறார்கள். சீனாவில் இன்னும் பழசு, 706 ஆம் வருஷத்து இளவரசர் ஒருவரின் கல்லறைச் சுவரில் தட்டுச் செடியை ஏந்திப் போகிறவர்களின் ஓவியமே இருக்கிறது. மரம் முதலில் வந்தது, இந்தக் கேள்வி ரொம்பப் பின்னால் வந்தது. அதனால் இச்சி, உங்கள் மரத்துக்குத் தவறான மேசை கிடைத்தது என்பதைவிட, மேசைகளைப் பிரித்த முறையே தவறு என்பேன்.

மாதவரம் நாற்றங்கால்

நான் விற்கிறவன், அதனால் என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். போன்சாய் வேண்டும் என்று வருகிறவர்களில் பெரும்பாலோர் எஸ் வடிவத்தில் வளைந்த ஃபைகஸைத்தான் (ஆல், இச்சி இனம்) கைகாட்டுவார்கள். கன்றாக இருக்கும்போதே வளைத்துக் கட்டி, வரிசை வரிசையாக வளர்த்து, ஒரே உயரத்தில் வெட்டி, மேலே உருண்டையாக இலை ஒட்டுக் கட்டி அனுப்புகிறார்கள். நூறு மரத்தை வரிசையாக வைத்தால் நூறும் ஒன்றுதான். அதை வளர்ப்பதிலும் திறமை இருக்கிறது, நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், வேலூர் வெயிலைத் தாண்டி லாரியில் உயிரோடு வந்து சேர்வதே பெரிய விஷயம். ஆனால் அதில் எந்த இடத்திலும் ஒருவர் நின்று "இந்தக் கிளை வேண்டுமா, வேண்டாமா" என்று தூக்கம் கெட்டதில்லை. அந்தத் தூக்கம் கெட்ட மரத்தை நான் பார்த்தவுடனே கண்டுபிடித்துவிடுவேன். விலை சொல்லத்தான் வராது.

பெரம்பூர் இழைப்புளி

மாதவரம் சார், ஒரே மாதிரி நூறு செய்வதைத் தாழ்வாக நினைக்கக் கூடாது. நூறு கதவும் ஒன்று போல இருந்தால்தான் ரயில் ஓடும்.

மண்ணடித் தம்பி சொன்ன ஸ்தபதிக்கும் தாளமானம் இருக்கிறது, முகம் இவ்வளவு, உடம்பு இவ்வளவு என்று. அளவு இருந்தால் தொழில் என்று நேற்று எழுதினேன். அந்த நடராஜரை நினைத்தால் அது முழுசாக நிற்கவில்லை. யோசிக்கிறேன்.

ஒற்றியூர்க்காரி

நான் போன்சாய் வளர்ப்பதில்லை. இழையைப் படித்ததும் என் அப்பா ஞாபகம் வந்தது, அதைச் சொல்லத்தான் வந்தேன்.

அப்பா சாவு வீட்டுக்குப் பூப்பல்லக்கு கட்டுகிறவர். தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, காசிமேடு வரைக்கும் கூப்பிடுவார்கள். மூங்கிலைப் பிளந்து வளைத்து, வாழைநாரில் சாமந்தியைச் சரம் சரமாகத் தொடுத்து, மூன்று மணி நேரத்தில் முடிக்க வேண்டும், அதற்கு மேல் வீட்டில் வைத்திருக்க மாட்டார்கள். மூலகொத்தளம் மயானம் போய்ச் சேருவதற்குள் பாதிப் பூவைப் பிய்த்து ரோட்டில் போட்டுவிடுவார்கள். மிச்சம் அங்கேயே கிடக்கும். அப்பா செய்த ஒன்றுகூட இன்றைக்கு இல்லை.

சின்ன வயதில் நானும் அண்ணனும் கூடப் போவோம். முகம் இருக்கிற பக்கம் அப்பா பூவைக் குறைத்துக் கட்டுவார். "அழுகிறவங்க கண்ணுக்கு மொகம்தான் தெரியணும், பூ தெரியக் கூடாது" என்பார். எவ்வளவு இடம் விடுவது என்பதற்கு அளவெல்லாம் கிடையாது. வீட்டுக்குள் போய் ஐந்து நிமிஷம் சும்மா நின்றுவிட்டு வருவார், அப்புறம்தான் மூங்கிலைத் தொடுவார். சின்ன வயதுச் சாவு என்றால் வெறும் சம்பங்கி மட்டும், சாமந்தி, ரோஜா பக்கமே போக மாட்டார். இப்படிச் செய்யுங்கள் என்று யாரும் கேட்டதில்லை, கூலியும் அதே கூலிதான். மூங்கிலை உடையாமல் வளைப்பது தொழில், அதை எங்கள் அண்ணனும் கற்றுக்கொண்டான். அந்த ஐந்து நிமிஷம் அண்ணனுக்கு வரவில்லை. அவனே சொல்வான், அது அப்பாவோடு போயிற்று என்று.

இச்சி அண்ணா உங்கள் மரத்தைத் திருப்பி வைத்தது ஏன் வலித்தது என்று எனக்குப் புரிகிறது. முகத்தைப் பூவால் மூடின மாதிரி.

காசிமேட்டு இச்சி

தங்கச்சி, இதைப் படித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் எழுத முடியவில்லை. எனக்குச் சொல்ல வராத விஷயம் உங்கள் அப்பாவின் அந்த ஐந்து நிமிஷம்தான்.

என் மரத்தில் இடது பக்கம் கட்டைவிரல் கனத்தில் ஒரு கிளை இருந்தது. நல்ல கிளை, இழைப்புளி ஐயா சொன்ன அளவுப்படி சரியான இடத்தில்தான் வந்திருந்தது. ஆனால் அது இருக்கிறவரைக்கும் அந்தத் தட்டையான வேரைப் பார்க்கிற கண் பாதியில் கிளைக்குத் தாவிவிடும். மூன்று வருஷம் தினமும் காலையில் டீ டம்ளரோடு மொட்டைமாடியில் நின்று பார்த்தேன். ஈரத்துணியைப் போட்டு அந்தக் கிளையை மறைத்துப் பார்த்தேன், எடுத்துப் பார்த்தேன். ஒரு நாள் வெட்டிவிட்டேன். பால் வடிந்தது, இச்சிக்கு வடியும், பஞ்சால் ஒற்றி எடுத்துவிட்டுத் தழும்பு மேடாகாமல் குழித்துச் செதுக்கினேன். செதுக்கியது தொழில், ஒத்துக்கொள்கிறேன், யூடியூப் பார்த்து யாரும் கற்றுக்கொள்ளலாம். வெட்ட வேண்டும் என்று தெரிந்தது எதனால் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.

வைத்துக் காட்டுவதிலும் அதேதான். ஜப்பானில் தோக்கோனோமா என்று வீட்டுக்குள் ஒரு மாடம் மாதிரி இடம் விடுவார்கள். மரம், அதற்கு ஒரு பலகை, பக்கத்தில் தாழ்வாக ஒரு சின்னச் செடி, பின்னால் தொங்குகிற ஓவியச் சுருள். மரம் சொன்னதையே சுருளும் சொல்லக் கூடாது. மரம் மலையில் வளர்ந்தது போலிருந்தால் சுருளில் மலை வரையாமல் ஒரு நிலாவை மட்டும் வைப்பார்கள். மிச்சம் எல்லாம் வெறும் இடம். அந்த வெறும் இடத்தையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அங்கே கொக்குஃபு என்கிற போன்சாய் கண்காட்சி 1934 இல் தொடங்கியபோதே டோக்கியோ உயெனோவில் இருக்கிற கலை அருங்காட்சியகத்துக்குள்தான் வைத்தார்கள், பூங்காவில் வைக்கவில்லை.

கொருக்குப்பேட்டை கேள்வி

கலை அருங்காட்சியகத்தில் வைத்துவிட்டால் கலை ஆகிவிடுமா? எனக்கு வேறு ஒரு சந்தேகம். ஓவியர் கையெழுத்துப் போட்டதும் ஓவியம் முடிந்தது. மரம் முடிவதே இல்லை. உங்களுக்கு அப்புறம் வேறு ஒருவர் வேறு கிளையை வெட்டுவார், ஐம்பது வருஷத்தில் வேறு மரமாகவே ஆகிவிடும். அப்போது அது யாருடைய கலை? பாதி வேலையை மழையும் வெயிலும் செய்கிறது, அவர்களையும் சேர்ப்பீர்களா? வம்புக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான்.

காசிமேட்டு இச்சி

நல்ல கேள்வி. வாஷிங்டனில் ஒரு வெண் பைன் மரம் இருக்கிறது, யமாக்கி பைன் என்பார்கள். 1625 இலிருந்து தட்டில் வளர்கிற மரம். 1945 இல் ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது அங்கிருந்து சுமார் 3 கிலோமீட்டரில் இருந்த வீட்டில், சுவருக்கு உள்பக்கம் இருந்ததால் தப்பித்தது. 1976 இல் ஜப்பான் அமெரிக்காவுக்கு 53 மரம் கொடுத்தது, அதில் இதுவும் ஒன்று. குண்டுக்குத் தப்பிய மரம் என்பது அங்கே யாருக்கும் தெரியாது, 2001 இல் அந்தக் குடும்பத்துப் பேரன்கள் வந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது. ஒரே குடும்பத்தில் எத்தனையோ தலைமுறை, அப்புறம் வேறு நாட்டுக்காரர்கள். யார் பேரைப் போடுவது? யார் பேரையும் போட வேண்டாம் என்றே தோன்றுகிறது.

பேர் இருக்கிற மரமும் உண்டு. ஜான் நாக்கா என்று ஒருவர், 11 ஜூனிப்பர் மரங்களை ஒரே தட்டில் காடு மாதிரி நட்டார். ஒவ்வொரு மரமும் ஒரு பேரப்பிள்ளை. 1948 இல் ஒன்றிரண்டு மரத்தோடு ஆரம்பித்து 1964 இல் காடாகச் சேர்த்தது. அவர் 2004 இல் போய்விட்டார், இன்றைக்கு அதை வேறு ஆட்கள் கத்தரிக்கிறார்கள். ஆனால் அது இன்னும் அவருடைய பேரப்பிள்ளைகள்தான்.

ஒற்றியூர்க்காரி

கானாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள் அண்ணா. சாவு வீட்டில் ராத்திரி பாடுகிற மெட்டு யார் போட்டது என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு வீட்டிலும் செத்தவர் பேரும் கதையும் மாறும், அங்கேயே நின்று கட்டுவார்கள். மெட்டு முடிவதில்லை, அதற்காக அதைப் பாட்டு இல்லை என்று சொல்ல முடியுமா?

கொருக்குப்பேட்டை கேள்வி

இது எனக்கு ஏறுகிறது. எங்கள் மாமாவுக்குப் பாடினதை நான் மறக்கவே இல்லை.

வியாசை புளியங்கன்று

அண்ணா அந்த இச்சி மரத்தை ஒரு நாள் வந்து பார்க்கலாமா? வெட்டின கிளை இருந்த இடத்தையும் பார்க்க வேண்டும்.

காசிமேட்டு இச்சி

வாருங்கள் அக்கா, ஞாயிறு காலை வெயில் ஏறுவதற்கு முன்னால் வந்தால் நல்லது.

ஒரு செய்தி. அடுத்த மாதம் இன்னொரு இடத்தில் வைக்கக் கேட்டிருக்கிறார்கள். இந்த முறை நானே கூட இருப்பேன் என்று சொல்லிவிட்டேன். வெள்ளைச் சுவர், பக்கத்தில் வேறு எதுவும் கூடாது, உட்கார்ந்து பார்க்கிறவர் கண்ணுக்குத் தண்டின் நடுப்பாகம் வருகிற உயரத்தில் மேசை. ஒத்துக்கொண்டார்கள். நேற்று மாடியில் வைத்துப் பார்த்துப் படம் எடுத்துப் போட்டிருக்கிறேன். வலது பக்கம் சின்ன மண் தட்டில் வெட்டுக்காயப் பூண்டு, அது பாட்டி வீட்டுச் சுவரில் மரத்தோடு முளைத்துக் கிடந்தது. இடது பக்கம் அந்தச் சுவரின் காரைத் துண்டு, உள்ளங்கை அளவு, இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருந்தேன். ஐயா, நீங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும்.

பெரம்பூர் இழைப்புளி

படத்தைப் பெரிசாக்கி நன்றாகப் பார்த்தேன். பலகை உயரம் அதிகம், மரம் ஸ்டூல் மேல் ஏறி நிற்கிற மாதிரி இருக்கிறது. பலகைக்குக் காலின் உயரம் முக்கால் அங்குலம் போதும். பழைய ரயில் பெட்டியின் தேக்குத் துண்டு என்னிடம் ரெண்டு இருக்கிறது, நானே இழைத்துத் தருகிறேன், பாலிஷ் போட மாட்டேன், எண்ணெய் மட்டும். தட்டின் அடி நீளம், அகலம், தட்டின் கால் எங்கெங்கே என்று அளந்து அனுப்பு, மில்லிமீட்டரில் அனுப்பு.

அப்புறம் அந்தக் காரைத் துண்டை எடுத்துவிடு தம்பி. வேரைப் பார்த்தாலே சுவர் தெரிகிறது.

காசிமேட்டு இச்சி

எடுத்துவிட்டு இப்போதுதான் மாடியில் நின்று பார்த்தேன். நீங்கள் சொன்னதுதான் ஐயா. அந்தப் பக்கம் வெறுமனே இருக்கட்டும்.

அளவு: தட்டின் அடி நீளம் 410, அகலம் 290, நாலு காலும் ஓரத்திலிருந்து 35 உள்ளே.